ஒரு கன மீட்டர் மண் எடுக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது? இரண்டாவது எக்ஸ்கவேட்டர் தேவையா?

மண்கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம். கிழக்குப் பக்கம் ஒரு அடித்தள வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். ஊர் பட்டுக்கோட்டை பக்கம். சிங்கப்பூர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மண் வேலைக் கணக்கை இப்போதுதான் முதல்முறையாக என் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மொத்தம் 18,000 கன மீட்டர் எடுக்க வேண்டும். 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று இருக்கிறது, பக்கெட் 0.9 கன மீட்டர். ஆபரேட்டர், டீசல் எல்லாம் சேர்த்து வாடகை நாளுக்கு 800 வெள்ளி. டிப்பர் லாரி 10, ஒன்றுக்கு நாளுக்கு 600 வெள்ளி. வேலை நேரம் 8 மணி. மண்ணை மேற்கே கொண்டுபோய் ஸ்டேஜிங் கிரவுண்டில், அதாவது தோண்டிய மண்ணை வாங்கிக்கொள்ளும் இடத்தில், கொட்டுகிறோம்.

நான் போட்ட கணக்கு இது. ஒரு சுற்றுக்கு 18 விநாடி, மணிக்கு 200 சுற்று, அதை 0.9 ஆல் பெருக்கினால் மணிக்கு 180 கன மீட்டர். நாளுக்கு 1,440. பதின்மூன்று நாளில் மண் முடிந்துவிடும், எக்ஸ்கவேட்டர் செலவு கன மீட்டருக்கு 56 காசுதான்.

நடந்தது வேறு. 8 வேலை நாளில் 234 டிரிப் போயிருக்கிறது. சீட்டில் டிரிப்புக்கு 10 கன மீட்டர் என்று எழுதுகிறார்கள், அப்படியானால் 2,340. ஆனால் சர்வேயர் அளந்து 1,760 தான் என்கிறார். 580 கன மீட்டர் எங்கே போனது? அதைவிடப் பெரிய கேள்வி, என் கணக்குப்படி 11,520 எடுத்திருக்க வேண்டுமே?

மேனேஜர் திங்கட்கிழமை இன்னொரு எக்ஸ்கவேட்டரை இறக்கச் சொல்கிறார். சரியா தவறா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

துவாஸ்வாசி:
தம்பி, முதலில் அந்த 580. அது எங்கேயும் போகவில்லை. ஊரில் குழி தோண்டி, எடுத்த மண்ணை அதே குழியில் தள்ளிப் பார்த்திருப்பாய். மேலே ஒரு மேடு மிஞ்சும். மண் வெளியே வந்ததும் உப்புகிறது. சர்வேயர் குழியை அளக்கிறார், லாரிச் சீட்டு உப்பிய மண்ணை அளக்கிறது. 2,340 ஐ 1,760 ஆல் வகுத்துப் பார், 1.33 வருகிறது. உன் சைட்டில் மண் மூன்றில் ஒரு பங்கு உப்புகிறது, அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் என்றால் பெரும்பாலும் ஓல்ட் அலுவியம், களி கலந்த இறுகிய மணல். அதற்கு இது நியாயமான எண்தான். சுத்த மணலாக இருந்தால் 10, 15 சதவீதத்தோடு நின்றிருக்கும்.

அடுத்தது பக்கெட். 0.9 என்று கேட்டலாக்கில் போட்டிருப்பது கும்பலாக அள்ளினால் வரும் அளவு. படியில் நெல்லைத் தலைதட்டி அளப்பதற்கும் கோபுரமாக அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியும். ஈர மணல் கோபுரமாக நிற்கும். இறுகிய களிமண் கட்டிகட்டியாக வரும், நடுவில் சந்து விழும். அதனால் அந்த 0.9 இல் 0.85 பங்குதான் நிறையும் என்று போடுவேன்.

அப்புறம், எந்த ஆபரேட்டரும் மணிக்கு 60 நிமிடம் தோண்ட மாட்டார். வண்டியை நகர்த்த வேண்டும், ஓரம் செதுக்க வேண்டும், வண்டிக்கு வழிகாட்டும் பேங்க்ஸ்மேன் கை காட்டினால் நிறுத்த வேண்டும். நல்ல சைட்டில் 50 நிமிடம், இங்கே நெருக்கடியான சைட்டில் 45. அதாவது 0.75. சுற்றும் 18 இல்லை, 20 விநாடி போடு.

மணிக்கு 180 சுற்று × 0.9 × 0.85 = 137.7. உப்பலைக் கழிக்க 1.3 ஆல் வகுத்தால் 106. அதில் 0.75 எடுத்தால் சுமார் 79. குழியில் அளக்கும் மண்ணாக மணிக்கு 79 கன மீட்டர், நாளுக்கு 635. நீ போட்டதில் பாதிகூட இல்லை.

ஈசூன்_கியூஎஸ்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தம்பி, உங்கள் ஒப்பந்தத்தில் பணம் எந்த அளவுக்குத் தருகிறார்கள் என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். வரைபடத்தில் உள்ள குழி அளவுக்குத்தான் மேலே இருந்து பணம் வரும். லாரிச் சீட்டில் எழுதுவது டிரிப் கணக்கு, அதாவது உப்பிய மண்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விலைப்புள்ளியில் இந்த இரண்டையும் கலந்துவிட்டேன். லாரி விலையைத் தளர்ந்த மண்ணுக்கு வாங்கி, அதே எண்ணை இறுகிய மண்ணுக்கு எழுதிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, வேலையும் கிடைத்தது. மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. ஒவ்வொரு கன மீட்டருக்கும் கால்வாசிக்குமேல் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வேலை முடியும் வரைக்கும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அன்றிலிருந்து என் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘குழி’ அல்லது ‘லாரி’ என்று பேனாவால் எழுதிவிட்டுத்தான் கூட்டல் போடுவேன்.

செயின்வண்டி:
நான் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவன். பதினாலு வருடமாக இதே வேலை. தம்பி கேட்ட கேள்விக்கு என் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன்.

20 விநாடியா 18 விநாடியா என்பது நான் எங்கே நிற்கிறேன், லாரி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நான் லாரித் தொட்டியின் உயரத்துக்கு ஒரு மேட்டில் நின்று, லாரி கீழே எனக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்றால், வண்டியின் கையான பூமைக் கொஞ்சம் திருப்பினால் போதும். 16 விநாடியில்கூட முடிப்பேன். அதே லாரியை என் முதுகுப்பக்கம் நிறுத்தி, இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் இருந்தால், தூக்க வேண்டும், பாதி வட்டம் சுற்ற வேண்டும். 24 ஆகும். மரைன் கிளே என்கிற ஒட்டும் கடல் களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம். பக்கெட்டைக் கவிழ்த்தாலும் களி உள்ளேயே அப்பிக்கொண்டு நிற்கும், இரண்டு மூன்று முறை உதற வேண்டும். லாரித் தொட்டியிலும் அப்படித்தான், கொட்டிவிட்டுத் திரும்பி வரும்போது அடியில் ஒரு அடுக்கு ஒட்டிக்கொண்டே வரும். அந்த அளவுக்கு அடுத்த டிரிப்பில் மண் குறையும்.

ஆனால் இதெல்லாம் தம்பியின் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஆபரேட்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பக்கெட்டைத் தரையில் ஊன்றிவிட்டு லாரிக்காகக் காத்திருக்கிறார்? அவர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால் சொல்வார்.

மண்கணக்கு:
அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலை நடக்கும் 8 மணி நேரமும் இருந்தேன். பார்த்தது இது.

லாரி வந்து வரிசையில் காத்திருப்பது சராசரியாக 15 நிமிடம். 13 பக்கெட் போட்டு லாரி நிறைய, இடம்பார்த்து நிறுத்துவதோடு சேர்த்து 5 நிமிடம். வெளியே போகுமுன் டயர் கழுவும் வாஷிங் பேயில் 8 நிமிடம். போக 45, அங்கே வரிசையில் நின்று கொட்ட 20, திரும்ப 42. ஆக ஒரு டிரிப் 135 நிமிடம்.

வாஷிங் பே 8 நிமிடம் பிடிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பின்பக்கம் இரட்டை டயர் இருக்கிறதே, அந்த இரண்டுக்கும் நடுவில் களி அடைத்துக்கொள்கிறது. பங்களாதேஷ் அண்ணன் ஒருவர் ஒரு கையில் தண்ணீர்க் குழாயும் மறு கையில் கம்பியுமாகக் குனிந்து அதைக் குத்திக் குத்தி எடுக்கிறார். லாரி ஒரு அடி முன்னே போகும், மறுபடி குனிவார். அவரைத் துரிதப்படுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆபரேட்டரிடமும் கேட்டேன். காலையில் வந்ததும் ஒன்பது பத்து லாரி ஒன்றாக நிற்கும், அப்புறம் மத்தியானம் வரை பெரும்பாலும் சும்மா என்றார்.

துவாஸ்வாசி:
அருமை தம்பி. இரண்டு நாள் உட்கார்ந்ததற்குப் பலன் இருக்கிறது. உன் 135 ஐ வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

8 மணி நேரம் என்பது 480 நிமிடம். 135 ஆல் வகுத்தால் மூன்றரை. அரை டிரிப் என்று ஒன்று கிடையாது, ஆக லாரிக்கு 3. பத்து லாரிக்கு 30. உன் 234 ஐ 8 நாளால் வகுத்தாலும் அதே 29 தான் வருகிறது. எடைக் கணக்கும் ஒத்துப்போகிறது. லாரி சட்டப்படி 15 டன் ஏற்றலாம் என்று வைத்துக்கொள். குழியில் இந்த மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன். அப்படியானால் டிரிப்புக்கு 7.5 கன மீட்டர் குழி மண். 30 டிரிப்புக்கு 225.

இப்போது எக்ஸ்கவேட்டரைப் பார். 30 லாரிக்கு 5 நிமிடம் வீதம் 150 நிமிடம். எட்டு மணி நேரத்தில் உன் வண்டி மண் ஏற்றுவது இரண்டரை மணி நேரம்தான்! அதை முழு நேரமும் வேலை வாங்க 135 ஐ 5 ஆல் வகுத்து 27 லாரி வேண்டும். உன்னிடம் இருப்பது 10. இரண்டாவது எக்ஸ்கவேட்டர் வந்தால் என்ன ஆகும்? ஒன்றுக்கு ஒன்றேகால் மணி நேர வேலை. ஒரு பிடி மண்கூடக் கூடுதலாக வெளியே போகாது. நாளுக்கு 800 வெள்ளி மட்டும் கூடுதலாகப் போகும்.

செலவை இப்படிப் போடு. எக்ஸ்கவேட்டர் 800, லாரிகள் 6,000, மொத்தம் 6,800. அதை 225 ஆல் வகு. கன மீட்டருக்கு 30 வெள்ளி 22 காசு. அதில் லாரி மட்டும் 26 வெள்ளி 67 காசு. நீ 56 காசைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட்டாய்.

அதே லாரிகள் நாலு டிரிப் போனால் 300 கன மீட்டர், 22 வெள்ளி 67 காசு. வேலை 80 நாளுக்குப் பதில் 60 நாளில் முடியும். 20 நாள், நாளுக்கு 6,800 வெள்ளி. 1,36,000 வெள்ளி அந்த நாலாவது டிரிப்பில் இருக்கிறது. நாலு டிரிப்புக்கு 135 ஐ 120 ஆக்க வேண்டும். பதினைந்து நிமிடம்தான். ரோட்டில் அது கிடைக்காது, உன் வாசலுக்குள்ளேயே கிடக்கிறது.

லிட்டில்இந்தியா7:
டிரிப்புக்கு இன்னும் நாலு பக்கெட் சேர்த்துப் போட்டால் முடிந்ததே? நான் இருந்த ஒரு சைட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

ஈசூன்_கியூஎஸ்:
வேண்டாம். கூடுதல் எடைக்கு அபராதம் லாரிக்காரர் தலையில் விழும், பிரேக் பிடிக்காமல் போனால் யார் தலையில் விழும் என்று சொல்லவே வேண்டாம். மழை பெய்த மறுநாள் அதே 13 பக்கெட்டே எடை கூடிவிடும். அன்றைக்கு 12 தான் போட வேண்டும்.

டிப்பர்மாமா:
நான் லாரிப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். துவாஸ்வாசி கணக்கில் ஒரு குறை. இங்கே பாதிப் பேர் லாரியை நாள் வாடகைக்கு எடுப்பதில்லை, டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். அப்போது மூணு டிரிப்போ நாலு டிரிப்போ, சைட்டுக்கு அதே விலைதானே?

துவாஸ்வாசி:
மாமா சொல்வது சரிதான், ஆனால் முதல் வாரத்துக்கு மட்டும். மூணு டிரிப்புக்குமேல் ஓட முடியாத சைட்டில் உங்கள் டிரைவரை எத்தனை நாள் விடுவீர்கள்? பக்கத்தில் நாலு டிரிப் ஓடும் சைட் கூப்பிட்டால் அங்கே போய்விடுவீர்கள். நானாக இருந்தாலும் போவேன். அப்புறம் காலையில் பத்து லாரிக்குப் பதில் ஆறு வரும். அடுத்த வேலைக்கு விலை கேட்டால், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் எழுதித் தருவீர்கள்.

டிப்பர்மாமா:
அது உண்மை. எந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். ஒரு யோசனை சொல்கிறேன், செலவே இல்லை. எல்லா லாரியையும் காலை 8 மணிக்கு வரச் சொல்லாதீர்கள். பத்தாவது லாரி 45 நிமிடம் சும்மா நின்று, அங்கேயே அதன் நாலாவது டிரிப் போய்விடுகிறது. இரண்டு இரண்டாக, பத்து நிமிடம் விட்டு வரச் சொல்லுங்கள். கடைசி லாரி பிந்தி வந்தாலும் பிந்தி முடித்துக்கொள்ளும்.

கிராஞ்சிபையன்:
இடையில் ஒரு சந்தேகம். வாடகைக்கு எடுப்பதற்குப் பதில் சொந்தமாக எக்ஸ்கவேட்டர் வாங்கினால் மணிக்கு என்ன ஆகும்? எங்கள் முதலாளி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஈசூன்_கியூஎஸ்:
ஒரு பேச்சுக்கு 1,80,000 வெள்ளிக்கு வாங்கி, 8 வருடம் கழித்து 36,000 க்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குத் தேய்மானம் 18,000. 8 வருடத்திலும் அதில் சராசரியாக முடங்கிக் கிடக்கும் பணம் 1,17,000. வட்டியும் காப்பீடும் சேர்த்து 8 சதவீதம் என்றால் 9,360. ஆக, வண்டி ஒரு பக்கெட்கூட அள்ளாவிட்டாலும் வருடத்துக்கு 27,360 வெள்ளி.

வருடத்துக்கு 2,000 மணி நேரம் ஓடினால் இது மணிக்கு 13 வெள்ளி 68 காசு. 1,200 மணி நேரம்தான் ஓடியது என்றால் 22 வெள்ளி 80 காசு. இதற்கு மேல்தான் டீசல், ஃபில்டர், பக்கெட் பல், செயின், பழுது எல்லாம். 20 டன் வண்டி சாதாரண வேலையில் மணிக்கு 12 முதல் 15 லிட்டர் குடிக்கும். ஆபரேட்டர் செலவைச் சம்பளத்தோடு நிறுத்தாதீர்கள். வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் லெவி 2024 ஜனவரியிலிருந்து உயர்திறன் ஊழியருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் என்றால் 900. தங்குமிடம் தனி. வண்டி யார்டில் நின்றாலும் இந்த லெவி நிற்காது.

வருடம் முழுக்க வரிசையாக வேலை கையில் இருந்தால் வாங்கலாம். ஒரு வேலையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

துவாஸ்வாசி:
தம்பி மண்கணக்கு, இன்னும் இரண்டு விஷயம். நீ 60 நாள், 80 நாள் என்று மேனேஜரிடம் சொல்லும்போது இவற்றையும் சேர்த்துச் சொல்.

ஒன்று மழை. இங்கே வருடத்துக்குச் சராசரியாக 171 நாள் மழை. எல்லா மழையும் வேலையை நிறுத்தாது. ஆனால் ஒரு மணி நேரம் ஊற்றினால் குழியில் தண்ணீர் நிற்கும். அதை அப்படியே சாக்கடையில் விட முடியாது. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குமேல் மண் கலந்திருக்கக் கூடாது என்று தண்ணீர் வாரியமான பியூபியின் விதி இருக்கிறது. சுத்திகரிப்புத் தொட்டி வழியாகப் போய் முடிய அரை நாள். டிசம்பரில் வேலை என்றால் நான் மாதத்துக்கு 26 நாள் போடவே மாட்டேன், 20 தான். வீடுகள் 150 மீட்டருக்குள் இருந்தால் சனி இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை வேலை கிடையாது. அதனால் மழையில் போன நாளை ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

இரண்டாவது, ஆழம். இப்போது மேல் மண்ணை எடுக்கிறாய், லாரி கிட்டேயே வருகிறது. குழிச் சுவர் சரியாமல் தாங்கும் குறுக்குச் சட்டம், அதாவது முதல் ஸ்ட்ரட், போட்ட பிறகு இந்த எண்கள் எதுவும் உதவாது. கீழே ஒரு சின்ன வண்டி தோண்டி, நடுவில் குவித்து, மேலே இருக்கும் கிளாம்ஷெல், அதாவது தாடைபோல் மூடும் பக்கெட் உள்ள வண்டி, அதைத் தூக்கி லாரியில் போடும். ஒரே மண்ணை இரண்டு முறை அள்ளுகிறாய். அப்போது நிஜமாகவே எக்ஸ்கவேட்டர்தான் நெருக்கடி ஆகும், லாரி காத்திருக்கும். இரண்டாவது வண்டியை அன்றைக்குக் கேள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரட் போடும் வரை தோண்டாமல் காத்திருக்கும் நாளை யாராவது வீண் நாள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. 2004 ஏப்ரல் 20 அன்று எம்ஆர்டி ரயில் பாதைக்குத் தோண்டிய குழியின் தாங்கல் உடைந்து நிக்கல் நெடுஞ்சாலை சரிந்தபோது நான் வேறொரு சைட்டில் இருந்தேன். நாலு பேர் போய்விட்டார்கள். அடுத்த நாள் எங்கள் சைட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அந்தக் காத்திருப்பு நாட்களையும் கன மீட்டர் விலைக்குள்ளேயே முதலிலேயே போட்டுவிடு. விலையில் இல்லாவிட்டால்தான் யாராவது அவசரப்படுத்துவார்கள்.

மண்கணக்கு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே எல்லா எண்ணையும் ஒரே தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டரை மணி நேரம் என்பதை அவர் முதலில் நம்பவில்லை. திங்கள் காலை என்னோடு வாசலில் வந்து நின்றார். பத்தரை மணி வரை நின்றுவிட்டு, இரண்டாவது வண்டி வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்.

செய்தது மூன்றுதான். லாரிகளை இரண்டு இரண்டாக வரச் சொன்னோம். ஆபரேட்டருக்கு ஒரு மேடு அமைத்துக் கொடுத்து, லாரி வராத நேரத்தில் மண்ணை முன்கூட்டியே தளர்த்திக் குவித்து வைக்கச் சொன்னோம். லாரி வந்து நிற்கும் இடத்தில் இரும்புத் தகடு போட்டோம். டயர் சேற்றுக்குள் இறங்குவதே இல்லை, வாஷிங் 8 நிமிடத்திலிருந்து 4 ஆகிவிட்டது. இது நான் எதிர்பார்க்காதது.

இப்போது காத்திருப்பு 5, ஏற்றுவது 5, வாஷிங் 4, போக 45, கொட்ட 18, திரும்ப 42. மொத்தம் 119. நாலு டிரிப்புக்கு 476 நிமிடம், நாலு நிமிடம்தான் மிச்சம். அதனால் எல்லா லாரிக்கும் நாலு வருவதில்லை. ஆறு லாரிக்கு நாலு, மற்றவைக்கு மூணு, ஆக 36 டிரிப். 270 கன மீட்டர், 25 வெள்ளி 19 காசு. போன வாரம் இரண்டு நாள் மழையில் போனது, அதை இதில் சேர்க்கவில்லை. தனி வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘குழி’, ‘லாரி’ எழுதுகிறேன்.

செயின்வண்டி:
மகிழ்ச்சி தம்பி. தகடு போட்டால் ஓரம் நிமிர்ந்துகொள்ளும், டயரைக் கிழித்துவிடும். தினமும் சாயங்காலம் ஒருமுறை பார்த்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வாஷிங் பே அண்ணன் எப்படி இருக்கிறார்?

மண்கணக்கு:
நன்றாக இருக்கிறார் அண்ணே. கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். இப்போது குழாய் மட்டும்தான்.